எலெக்ட்ரிக் கார்ல பஞ்சரா? ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

விருத்தாசலம் என்றதும் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். பொம்மை, கப், ஃபியூஸ் கேரியர் என்று ஊரே சூளையில் சுட்டெடுத்த ஊர். சாலைகளும் சும்மா இல்லை. உளுந்தூர்பேட்டை பக்கம், நெய்வேலி வழியாகக் கடலூர் பக்கம், வேப்பூர் வழியாகச் சேலம் பக்கம் என்று எந்தத் திசையில் போனாலும் லாரி, டிராக்டர், கரும்பு லோடு. ஆணி, கம்பித் துண்டு, உடைந்த பீங்கான் சில்லு, திடீர்ப் பள்ளம்... டயருக்குச் சோதனை வைக்க எல்லாமே உண்டு.

இப்போது இந்தச் சாலைகளில் பச்சை நம்பர் பிளேட் கார்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. மாசி மகத்துக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு எலெக்ட்ரிக் காரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சார்ஜ் எங்கே போடுவது என்று பத்து முறை யோசிக்கிற நாம், பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று ஒரு முறைகூட யோசிப்பதில்லை. 'பஞ்சர்தானே, ஸ்டெப்னி மாத்திட்டுக் கிளம்பிடலாம்' என்கிற பெட்ரோல் கார் பழக்கம் இங்கே அப்படியே செல்லாது. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பஞ்சர், ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்தால் பல லட்ச ரூபாய் பேட்டரியில் போய் முடியலாம்.

அப்படி என்ன வித்தியாசம்?

மூன்று விஷயம். முதலாவது, எடை. அதே அளவு பெட்ரோல் காரைவிட எலெக்ட்ரிக் கார் பொதுவாக 200 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் டயருக்கும் ரிம்முக்கும் அடி அந்த அளவுக்கு அதிகம்.

இரண்டாவது, பேட்டரி இருக்கிற இடம். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரி உங்கள் காலுக்குக் கீழே, காரின் தரை முழுக்கப் பரவியிருக்கும். பெட்ரோல் காரில் ஜாக்கி வைக்க அடியில் ஏதோ ஒரு சட்டம் கிடைக்கும். இங்கே அந்த இடத்தில் பேட்டரிப் பெட்டி இருக்கும்.

மூன்றாவது, சத்தம் இல்லாத தன்மை. இன்ஜின் ஓடும் சத்தம் இருந்தால் கார் ஆனில் இருப்பது யாருக்கும் தெரியும். எலெக்ட்ரிக் கார் 'ரெடி' நிலையில் அமைதியாக நிற்கும். உள்ளே இருக்கும் குழந்தை பெடலை மிதித்தாலோ, கியர் நாபைத் திருப்பினாலோ, ஜாக்கியில் நிற்கிற வண்டி நகர்ந்துவிடலாம்.

முதல் வேலை: உங்க கார்ல ஸ்டெப்னி இருக்கா?

சிரிக்காதீங்க. எலெக்ட்ரிக் கார் வாங்கிய பலர் டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. ட்யூப்லெஸ் டயர், டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் விதியைத் திருத்தியது. அதில் மிச்சமாகும் இடத்தை எலெக்ட்ரிக் கார்களில் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்பதும் ஒரு காரணம். அதனால் உங்கள் காரில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஒரு பாட்டில் சீலன்ட்டும் மட்டும் இருக்கலாம்.

இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். கிட் மட்டும் இருந்தால் சீலன்ட் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆமாம், அதற்கும் எக்ஸ்பைரி உண்டு!

ஆணி வேற, பீங்கான் சில்லு வேற

ஆணி குத்தினால் அது டயரிலேயே தங்கி, ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டு இருக்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். ட்யூப்லெஸ் டயரின் நன்மையே அதுதான். ஆணி கண்ணுக்குத் தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். பிடுங்கினால் இருந்த காற்றும் போய்விடும்.

உடைந்த பீங்கானும் கண்ணாடியும் அப்படி இல்லை. பீங்கானின் உடைந்த விளிம்பு கத்தி மாதிரி. அது ரப்பரைக் கிழித்துவிட்டு வெளியே விழுந்துவிடும். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளமான வெட்டாக இருக்கும். சீலன்ட், ஸ்ட்ரிப் இரண்டுமே சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான் சரிவரும், அதுவும் சாலையில் பதிகிற நடுப்பகுதியில் இருந்தால் மட்டும். டயரின் பக்கவாட்டுச் சுவரில் வெட்டு விழுந்தால் எந்த பஞ்சர் வேலையும் பாதுகாப்பில்லை. டயரை மாற்றுவதுதான் வழி.

வழியில பஞ்சர்... முதல் 5 நிமிஷம்

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, டேஷ்போர்டில் டயர் எச்சரிக்கை எரிந்தாலோ, சடாரென பிரேக் போடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். எலெக்ட்ரிக் காரில் ரீஜென் பிரேக்கிங் கூடுதலாக வைத்திருந்தால், காலை முழுசாக எடுத்ததுமே வண்டி பிரேக் பிடித்த மாதிரி வேகம் குறையும். காற்று இறங்கிய டயரோடு அது வண்டியை இழுத்துவிடும். அதனால்தான் 'மெதுவாக'.

சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். ஹசார்ட் விளக்கு, கியர் 'பி' நிலை, ஹேண்ட் பிரேக். எல்லோரையும் கீழே இறக்கி, சாலையிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்கு அழைக்கலாம். இருட்டில், லாரிகள் பறக்கிற இடத்தில், சாலைப் பக்கம் இருக்கும் சக்கரத்தை நீங்களே கழற்றி வீரம் காட்ட வேண்டாம்.

ஜாக்கி எங்கே வைக்கணும்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் கதவுகளுக்குக் கீழே ஓடும் ஓரத் தகட்டில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இருக்கும். பெரும்பாலான கார்களில் சின்ன வெட்டு அல்லது அம்புக்குறி அடையாளம் உண்டு. உங்கள் காரின் சரியான இடம் ஓனர்ஸ் மேனுவலில் படத்தோடு இருக்கும். அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்திலிருந்து சில அங்குலம் உள்ளே தள்ளினால் ஜாக்கியின் தலை பேட்டரிப் பெட்டியில் படும். வண்டியின் மொத்த அழுத்தமும் ஒரு புள்ளியில் விழுந்து பெட்டி நசுங்கலாம். உள்ளே செல்களும் குளிரூட்டும் குழாய்களும் இருக்கின்றன. வெளியே சின்ன நசுங்கலாகத் தெரிந்தாலும் சர்வீஸ் சென்டரில் காட்டாமல் விடக் கூடாது.

தூக்கும் முன் காரை முழுதாக ஆஃப் செய்து, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ அண்டக் கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கியை ஏற்றுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்த ஒயர். அதைத் தொட வேண்டிய அவசியம் பஞ்சர் வேலையில் வரவே வராது.

நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை நிறுத்தி, இறுக்கத்தை மறுபடி சோதியுங்கள்.

ஸ்டெப்னி இல்லையா? கிட்டைப் பயன்படுத்துங்க

கம்ப்ரஸர் ஓட காரின் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதனால் இங்கே மட்டும் கார் ஆனில் இருக்கும். கியர் 'பி'யிலும் ஹேண்ட் பிரேக்கிலும் இருப்பதையும், டிரைவர் சீட்டில் குழந்தைகள் யாரும் இல்லாததையும் உறுதி செய்யுங்கள். சீலன்ட்டை உள்ளே செலுத்தி, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். காற்று ஏறவே இல்லை என்றால் வெட்டு பெரிது என்று அர்த்தம். விட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

ஏறியதும் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி காற்றழுத்தத்தைப் பாருங்கள். சீலன்ட் தற்காலிக மருந்துதான். பாட்டிலில் எழுதியிருக்கும் வேகத்தை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், தாண்டாமல் நேராக பஞ்சர் கடைக்குப் போங்கள்.

பஞ்சர் கடை அண்ணன்கிட்ட என்ன சொல்லணும்?

பாலக்கரையிலோ பைபாஸிலோ இருக்கிற பஞ்சர் கடை அண்ணனுக்கு டயர் பற்றி உங்களைவிடவும் என்னைவிடவும் அதிகம் தெரியும். ஆனால் உங்கள் கார் மாடல் அவர் கைக்கு முதல் முறையாக வந்திருக்கலாம். அதனால் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல், பக்கத்தில் நின்று நான்கு விஷயம் சொல்லுங்கள்.

* "அண்ணே, இது பேட்டரி வண்டி. ட்ராலி ஜாக்கியை நடுவுல தள்ளாதீங்க. இந்த அடையாளத்துல மட்டும் வைங்க." போனில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். இடையில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் இன்னும் நல்லது.
* "உள்ளே சீலன்ட் ஊத்தியிருக்கேன்." சொல்லாமல் விட்டால் டயரைக் கழற்றும்போது அவர் மேலேதான் தெறிக்கும். உள்ளே காற்றழுத்த சென்சார் இருந்தால் அதையும் துடைக்க வேண்டும்.
* "டயரைக் கழட்டும்போது வால்வு பக்கம் பார்த்துப் பண்ணுங்க, சென்சார் இருக்கு." லிவர் பட்டால் சென்சார் உடைந்துவிடும்.
* "உள்பக்கம் ஸ்பாஞ்ச் இருந்தா சொல்லுங்க." சத்தத்தைக் குறைக்க சில எலெக்ட்ரிக் கார் டயர்களில் உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். பேட்ச் போடும் இடத்தில் அதை அளவாக வெட்டி எடுத்தபிறகே ஒட்ட வேண்டும்.

வெளியிலிருந்து குத்தும் ஸ்ட்ரிப் அவசரத்துக்குப் போதும். எடை அதிகமான வண்டியில் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து போடும் மஷ்ரூம் பிளக் நல்லது. டயரின் உள்சுவர் தேய்ந்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் உருட்டியிருந்தாலும் உள்சுவர் அரைபட்டு, கறுப்புத் தூளாக உதிரும். அந்த டயருக்கு பஞ்சர் போட்டுப் பயனில்லை.

கயிறு கட்டி இழுக்காதீங்க!

டயர் கிழிந்து வண்டி நகர முடியாமல் நின்றால், ஊர்ப் பழக்கப்படி டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க யாராவது ஓடி வருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எலெக்ட்ரிக் காரில் மோட்டார் சக்கரத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரத்தை உற்பத்தி செய்யும். நீண்ட தூரம் இழுத்தால் மோட்டாரும் அதன் மின்னணுச் சாதனங்களும் பாதிக்கப்படலாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல், மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃபிளாட்பெட் ரெக்கவரி வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

பள்ளத்துல 'டமால்'... அப்புறம்?

காற்று இறங்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஓரமாக நிறுத்தி மூன்று இடம் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீக்கம் இருந்தால், உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ரிப்பேர் கிடையாது.

ரிம்மில் நெளிவு இருந்தால் காற்று மெல்லக் கசியும், ஸ்டீயரிங் உதறும். இரும்பு டிஸ்க் என்றால் நெளிவெடுக்கலாம். அலாய் வீலில் லேசான நெளிவைச் சில கடைகளில் சரிசெய்வார்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது குடும்பத்தை வைத்து விளையாடும் விளையாட்டு. மாற்றிவிடுங்கள். எந்த அடியாக இருந்தாலும் வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் பாருங்கள்.

மூன்றாவது, காரின் அடிப்பகுதி. ஆழமான கீறல், நசுங்கல், ஏதாவது திரவம் சொட்டுவது, டேஷ்போர்டில் புது எச்சரிக்கை என்று எது தெரிந்தாலும் சார்ஜ் போடுவதற்கு முன் சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள். புகையோ, சீறும் சத்தமோ, வித்தியாசமான வாசனையோ வந்தால் எல்லோரும் தூரமாக விலகி 112-ஐ அழையுங்கள்.

இன்சூரன்ஸ் தருமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரண ஃபுல் கவர் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் புது டயர் விலையில் 50 சதவிகிதம் வரைதான். டயருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி ஆட்-ஆன் கவர்கள் உண்டு. ரோட்சைடு அசிஸ்டென்ஸ் எடுக்கும்போது 'ஃபிளாட்பெட் வண்டி வருமா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், விருத்தாசலம் மாதிரி ஊர்களுக்கும் வருமா' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பஞ்சரே வராம இருக்க...

முழுசாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். மாதம் இருமுறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஏர் செக் பண்ணுங்கள். வெப்பம் 5, 6 டிகிரி கூடினால் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ கூடும். அக்னி நட்சத்திர மதியத்தில் ஓடி வந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைக் குறைத்துவிடாதீர்கள். மறுநாள் காலையில் அது குறைந்த காற்றாகிவிடும். காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும், பள்ளத்தில் ரிம் அடிபடும். ரேஞ்சும் குறையும்.

எலெக்ட்ரிக் மோட்டாரின் முழு இழுவிசையும் தொட்டவுடன் கிடைப்பதால், சிக்னலில் சீறிக் கிளம்பினால் டயர் வேகமாகத் தேயும். டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் அது மாற்ற வேண்டிய எல்லை. மாற்றும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் லோடு இண்டெக்ஸ் எண், கம்பெனி கொடுத்த டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. கூடுதல் எடையைச் சுமக்கப் போவது அந்த எண்தான்.

இப்போது கார் ஷெட்டில்தானே நிற்கிறது? போய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், மேனுவலில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். 10 நிமிட வேலை. வீட்டில் வேறு யார் கார் ஓட்டுகிறார்களோ, அவர்களையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு செய்யுங்கள்!