வில்லும் மணலும்: மன்னார்க் கரையின் வண்டிகளிற் பின்னச்சு வில் வளர்ந்த வரலாறு

மோட்டார் வண்டியின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே நின்று பாரத்தைத் தாங்குகின்ற வளைந்த உருக்குத் தகட்டடுக்கை ஈழத்துத் தமிழர் ‘வில்லு’ என்பர். தமிழகத்துப் பட்டறைகளில் அதனையே ‘கமான் பட்டை’ என்பர். கமான் என்னும் பாரசீகச் சொல்லுக்கும் வில் என்பதே பொருளாதலின், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உள்ள தொழிலாளர் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே உவமையிற் சென்று சேர்ந்தனர் என்று சொல்லலாம். ஆங்கிலேயர் அதன் துள்ளலைக் கண்டு பெயரிட்டனர். நம்மவர் அதன் வளைவைக் கண்டு பெயரிட்டனர். மன்னாருக்குத் தெற்கே வில்பத்துக் காட்டில் ‘வில்லு’ என்று வழங்கும் இயற்கைத் தடாகங்களுக்கும் இந்த வில்லுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையெனினும், மாரிகாலத்தில் அத்தடாகங்களின் ஓரத்துச் சேற்றில் ஜீப்பின் பின்வில்லு புதைந்து நிற்கக் கண்டவர்கள் இச்சொல்லொற்றுமையை எண்ணி நகையாமல் இருப்பது அரிது.

இந்த ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சிறியது. கரடுமுரடான நிலத்திற் செல்லும் வண்டிக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, அதன் அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் உறுப்புக்கும் தரைக்கும் இடையே உள்ள வெளி. இதனை இடைவெளி என்போம். மற்றொன்று, சில்லு மேட்டில் ஏறும்போது மேலேயும் பள்ளத்தில் இறங்கும்போது கீழேயும் அச்சு அசையத்தக்க எல்லை. இதனை வீச்சு என்போம். இவ்விரண்டும் ஒன்றே என்று கருதுவதும், வில்லை உயர்த்தினால் இரண்டும் ஒருங்கே கிடைத்துவிடும் என்று நம்புவதும் வண்டி வைத்திருப்போரிடையே இன்றும் காணப்படும் மயக்கம். மன்னார்க் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வண்டிகளை நிரலாக நோக்கின், அவற்றுட் பல இடைவெளியைக் கொடுத்து வீச்சையோ, வீச்சைக் கொடுத்து இடைவெளியையோ பண்டமாற்றுச் செய்துகொண்டே வந்திருக்கின்றன என்பது புலப்படும்.

மாட்டு வண்டிலிலிருந்து தொடங்குவதே முறை. இலங்கைத் தமிழில் அதற்குக் ‘கரத்தை’ என்றொரு பெயரும் உண்டு. அது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. 1560 முதல் 1658 வரை மன்னார்க் கோட்டையைத் தம் வசம் வைத்திருந்த பறங்கியர் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று என்று கொள்ளலாம். இவ்வண்டிலின் சில்லு ஏறக்குறைய நாலைந்து அடி விட்டமுடையது. ஆகவே அச்சு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். இடைவெளியை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால், பின்னாளில் வந்த எந்த ஜீப்பும் இந்தக் கரத்தையின் முன் நாணித் தலைகுனிய வேண்டியதே. ஆனால் வீச்சு அதற்கு அறவே இல்லை. ஒரு சில்லு குழியில் இறங்கினால் வண்டில் முழுவதும் அப்பக்கம் சரியும்; அந்தச் சரிவு நுகத்தின் வழியாக எருதின் கழுத்துக்குப் போகும். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் தண்ணீரும் அரிசியும் சுமந்த வண்டில்கள் மணலில் ஊர்ந்து சென்றதும் இந்த அமைப்பிலேதான். மன்னார்த் தீவின் கழுதைகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லலாம்: அராபிய வணிகர் கொண்டுவந்தவை என்று மரபு கூறும் அப்பிராணிகளுக்கு நான்கு கால்களும் தனித்தனியே மடங்கும்; அந்தச் சௌகரியத்தை மோட்டார் சாஸ்திரிகள் பின்பு ‘சுயாதீனத் தொங்கல்’ என்று பெரிய பெயரிட்டு அழைத்தனர்.

வில்வண்டி அடுத்து வந்தது. உருக்கின் நெகிழ்ச்சி பாரத்தின் விகிதப்படி மிகும் என்ற நியதியை ரொபட் ஹூக் 1678-இல் வெளியிட்டிருந்தாரெனினும், இரு வளைந்த தகட்டடுக்குகளை முனையோடு முனை சேர்த்து வண்டியின் அடியில் வைக்கும் உபாயத்தை லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டித் தச்சர் செய்துகாட்டியது 1804-இல். அவ்வமைப்பு குடியேற்ற நாடுகளின் வழியாக நம் நாட்டுத் தச்சருக்கும் கொல்லருக்கும் வந்து சேர்ந்து, எருதுகள் பூட்டிய பிரயாண வண்டியின் அடியில் இடம்பெற்றது. பிரயாணிகளுக்கு முதன்முதலாக வீச்சு என்ற வசதி கிடைத்தது. அதற்கு ஈடாக, பாரம் சுமக்கும் சக்தியை வில்வண்டி இழந்தது. செல்வர் அதில் ஏறிக் கோயிலுக்கும் கச்சேரிக்கும் போனாலும், உப்பும் கருவாடும் மூட்டையாக அடுக்கப்பட்டது பழைய கரத்தையில்தான்.

1914-ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்தோடு இணைந்த புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபோது, தீவின் நெடும்பிரயாணத்தைத் தண்டவாளமே ஏற்றுக்கொண்டது. மணலை வென்றுவிடாமல் அதனைத் தவிர்த்துச் சென்ற தீர்வு அது. ஆதலால் நம் விஷயத்துக்கு அதிகம் உதவாது.

நம் சரித்திரத்தின் நடுப்பகுதி இரண்டாவது மகாயுத்தத்தோடு தொடங்குகிறது. 1941 முதல் அமெரிக்காவில் உற்பத்தியான வில்லிஸ் ஜீப்பு, 1944-இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது இலங்கை வீதிகளுக்குப் பழகிய காட்சியாயிற்று. அதனைப் பார்த்து இங்கிலாந்தில் உருவான லாண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளிவந்து, பின்னர் இந்நாட்டின் அரசாங்க இலாகாக்களுக்கு ஊர்தியாயிற்று. இரண்டிலும் அச்சு ஒரே தண்டாக இருபுறச் சில்லுகளையும் இணைக்கும். அதன் நடுவே டிபரென்ஷல் பல்லிணைப்பை மூடிய இரும்புக் குடம் தொங்கும். வில்லிஸ் ஜீப்பில் தரைக்கும் இந்தக் குடத்துக்கும் இடையே எட்டே முக்கால் அங்குலம். கரத்தையின் இரண்டடியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக!

இவ்விடத்தில்தான் முற்கூறிய மயக்கத்தின் வேர் இருக்கிறது. உடலுக்கும் அச்சுக்கும் இடையே வில்லும், அச்சின் இரு முனையிலும் சில்லும் இருப்பதால், வில்லை எவ்வளவு உயரமாக வளைத்தாலும் மேலே எழுவது உடல் மாத்திரமே; குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். குடத்தை உயர்த்த வல்லது டயரின் ஆரம் ஒன்றுதான். பழைய ஜீப்புகளில் அச்சின் கீழே பொருத்தப்பட்டிருந்த வில்லை மேலே மாற்றிப் பூட்டும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. அதனால் அச்சின் அடியில் தொங்கிய தகடு மறைவதும் உடல் உயர்ந்து பெரிய டயருக்கு இடம் உண்டாவதும் மெய்யே. ஆனால் முறுக்குவிசை மிகும்போது வில்லு பாம்புபோல் நெளிந்து அச்சு உருளப் பார்க்கும் தொல்லையும் கூடவே வரும். ஜெர்மானியரின் யூனிமொக் வண்டியோ சில்லின் மையத்தில் பல்லிணைப்பு வைத்து அச்சையே மையத்துக்கு மேலே தூக்கி இச்சிக்கலை நேராக அறுத்தது.

மணலைப் பொறுத்தமட்டில் இடைவெளிப் பிரச்சினைக்கு மலிவான மாற்று ஒன்று வேறிடத்தில் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. லிபியப் பாலைவனத்தில் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் ஃபோர்ட் கார்களில் அலைந்த ரால்ஃப் பக்னோல்ட், டயரின் காற்றைக் குறைத்தால் அதன் அடிப்பரப்பு விரிந்து வண்டி மணலில் புதையாமல் மிதக்கும் என்பதை அனுபவத்தால் நிறுவினார். பேசாலையிலிருந்து தலைமன்னார்வரை வடகரையின் தளர்மணலில் இறங்குமுன் சில்லின் வாயைத் திறந்து காற்றை விடும் ஓட்டுநர் எவரும், பெயர் அறியாமலே, அவருடைய மாணாக்கர்தாம். இங்கே குடம் சில அங்குலம் இறங்குகிறது. ஆனால் சில்லு புதையாததால் மணல் குடத்தை எட்டுவதில்லை.

இனி வீச்சுக்கு வருவோம். மன்னாரில் வீச்சின் பிரச்சினை முன்னச்சைவிடப் பின்னச்சிலேயே கடுமையானது, ஏனெனில் இங்கே வண்டியின் தொழில் மீன். கரைக்குப் போகும்போது பின்தட்டு வெறுமையாகப் போகும். திரும்பும்போது பனிக்கட்டியும் பாரையும் சீலாவும் நிறைந்து வரும். கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டியின் பாரத்தில் பின்வில்லு நான்கு சென்ரிமீற்றர் அமுங்குகிறதென்றும், மீன் ஏற்றியபின் அப்பாரம் மும்மடங்காகிறதென்றும் கொண்டால், அமுக்கம் 12 சென்ரிமீற்றர் ஆகும். வெறுமையில் அவ்வண்டி வினாடிக்கு ஏறக்குறைய இரண்டரை முறை துள்ளும். பாரத்தோடு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக மெத்தென்று அசையும். இதைவிட முக்கியமானது பின்வருவது: வெறுமையில் சில்லு பள்ளத்தில் இறங்கினால் நான்கு சென்ரிமீற்றருக்கப்பால் வில்லு அதனைத் தரையோடு அழுத்தாது, சில்லு வெறுமனே தொங்கும். சாதாரண டிபரென்ஷல் தொங்கும் சில்லுக்கே சுழற்சியை எல்லாம் ஊட்டுமாதலால், மற்றச் சில்லு மணலில் அசைவற்று நிற்க வண்டி அங்கேயே அமர்ந்துவிடும். பாரத்தோடு திரும்பும்போதோ, மேல்நோக்கிய வீச்சில் எட்டுச் சென்ரிமீற்றர் முன்கூட்டியே செலவாகிவிடுகிறது. மேடு வந்தால் அச்சு, மேல்வீச்சின் எல்லையாக வைத்த இறப்பர்க் கட்டையில் மோதும். ஒரே வில்லு போகும்போது கீழ்வீச்சுக்கும் வரும்போது மேல்வீச்சுக்கும் வறுமைப்படுகிறது. மீன் வியாபாரிகள் இதற்காக ஒரு தகட்டைக் கூடச் சேர்ப்பதுண்டு. அது பிந்தியதைத் தீர்த்து முந்தியதைப் பெருக்கும் வைத்தியம்.

கடற்காற்றும் இந்த வறுமையில் தன் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது உண்டாகும் உராய்வு ஓரளவு துள்ளலை அடக்கும் நன்மையுடையதே. ஆயினும் உப்புக் காற்றில் இடையிடையே துருப்பிடித்துத் தகடுகள் ஒட்டிக்கொண்டால், ஏழு தகடுகளும் ஒரு தடித்த பாளம்போல் ஆகி வீச்சு சுருங்கிவிடும். வில்லின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் சக்கிளின் ஊசியும் அவ்வாறே இறுகும். வண்டி கடினமாகிவிட்டது என்று புதிய சொக் அப்சோபர் வாங்கிப் பூட்டுவோர், தகடுகளைப் பிரித்துத் துருச் சுரண்டிக் கிரீஸ் பூசியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

1970 ஜூனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர், பாரம் தாங்கும் தொழிலையும் அச்சைத் தன் இடத்தில் நிறுத்தும் தொழிலையும் பிரித்தது. சுருள்வில் பாரத்தை ஏற்றது. பின்னச்சை இரு நீண்ட தண்டுகள் முன்னும் பின்னும் போகாமல் தடுத்தன. மேலே ஆங்கில ‘ஏ’ எழுத்தைப்போன்ற ஒரு சட்டம் பக்கவாட்டில் விலகாமல் பிடித்தது. அதனால் வில்லு மென்மையாக இருக்க முடிந்தது, வீச்சு நீண்டது. அச்சட்டத்தோடு இணைந்த போகே நிறுவனத்தின் தன்சமநிலைச் சாதனம், பாரம் ஏறியபோது வண்டியின் அசைவினாலேயே எண்ணெயை ஏற்றிப் பின்புறத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தது. மீன்வண்டியின் இருதலைத் துன்பத்துக்கு இதனினும் நேரான விடையை நான் அறியேன். ஆனால் அது செல்வந்தரின் வண்டியில் வந்தது. சுருள்வில் 1983-இல் லாண்ட் ரோவர் நூற்றுப்பத்துக்கும் அடுத்த ஆண்டு தொண்ணூற்றுக்கும் இறங்கிவந்தபோது, மன்னார் உள்நாட்டுப் போரின் காலத்துள் நுழைந்துகொண்டிருந்தது.

1990-இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட தீவின் முஸ்லிம் மக்கள் பலர் கற்பிட்டிக்குப் படகேறிப் போயினர். மடுவிலும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. அக்காலத்தில் உலகெங்கும் நிவாரணப் பணிக்கு விரும்பி வாங்கப்பட்ட டொயோட்டா லாண்ட் குரூசர் எழுபதாம் வரிசையின் பாரவகை வண்டி, 1984 முதல் பின்னச்சில் தகட்டு வில்லையே கொண்டிருந்தது. 1999-இல் முன்னச்சுக்குச் சுருள்வில் வந்தபின்னும் பின்னது மாறவில்லை. பின்னோக்கிய போக்கு என்று இதனைக் கருதுவது பிழை. சுருள்வில் உடைந்தால் வண்டி நிற்கக்கூடும். ஏழு தகட்டில் ஒன்று உடைந்தால் ஆறு தகட்டோடு வீடு சேரலாம், மறுநாள் கொல்லன் உலையில் வேறொரு தகட்டை வளைக்கலாம். உதிரிப்பாகம் வராத தேசத்தில் அதுவே உயர்ந்த யந்திரநூல்.

பட்டறையில் பின்னச்சின் வீச்சை நிர்ணயிக்கும் முறையையும் இங்கே பதிவுசெய்தல் தகும். சுருள்வில்லாயின் அதனை முதலிற் கழற்றிவிடுவர். தகட்டு வில்லாயின் தலைத்தகட்டை மாத்திரம் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுவர். பின் ஜாக்கியால் அச்சை இறப்பர்க் கட்டையில் முட்டும்வரை உயர்த்தி, டயர் உடலை உரசுகிறதா, சொக் அப்சோபர் முற்றாக மூடிக்கொள்ளாமல் இரண்டு விரற்கடையாவது மிஞ்சுகிறதா, சுழல்தண்டின் மூட்டு நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பர். அடுத்து அச்சைத் தொங்கவிட்டு, பிரேக் குழாய் இழுபடாமலும் சொக் அப்சோபர் தன் முழுநீளத்தை எட்டாமலும் இருக்கின்றனவா என்று நோக்குவர். மூன்றாவது சோதனையைப் பலர் மறப்பர்: ஒரு சில்லு மேலும் மற்றது கீழுமாகச் சாயும்போது, மேற்சென்ற டயரின் உட்பக்கம் சட்டத்தை நோக்கி நெருங்கும்; நேராக ஏறியபோது உரசாதது இப்போது உரசும். இந்நிலையில் இடமின்றேல் இறப்பர்க் கட்டையை நீட்டி மேல்வீச்சை வேண்டுமென்றே சுருக்குவதே நேர்மை. அழகுக்காக உயர்த்தப்பட்ட வண்டிகள் பலவற்றில் கீழ்வீச்சு இரண்டங்குலமும் எஞ்சியிருப்பதில்லை; அவை உயர்ந்து நிற்கின்றன, ஓடுவதில்லை.

2010-இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னார் வீதி தாரிட்டுச் செப்பனிடப்பட்டபின் மீன்லொறிக்குப் பெரும்பகுதி வழியில் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாததாயிற்று. ஆனால் வீதியிலிருந்து கடற்கரை வாடிவரை உள்ள கடைசித் தூரம் இன்னும் மணலே. அங்கே உழவு இயந்திரம் ஆட்சி செலுத்துகிறது. அதன் பின்னச்சு பல்லிணைப்புப் பெட்டியோடு இறுகப் பொருத்தப்பட்டது. பின்னால் வில்லென்பதே இல்லை. முன்னச்சு நடுவில் ஓர் ஊசியில் ஊசலாடி, நிலத்தின் சரிவைத் தானே ஏற்றுக்கொள்கிறது. ஏறக்குறைய ஐந்தடி உயரமான பின்சில்லு, மாட்டுக் கரத்தை விட்டுச் சென்ற இடைவெளியை ஏறத்தாழத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. அதன் பின்னே இழுக்கப்படும் பெட்டிக்கும் வில்லு இல்லை. காலையில் பனிக்கட்டிப் பெட்டிகளின்மேல் அமர்ந்து வாடிக்குப் போகும் இளைஞர், மேடு வருமுன் முழங்காலை மடித்துக் குந்திக்கொள்கின்றனர்.