பெனல்டியைத் தடுத்தவர் பயிற்றுநரான கதை

1968 ஒக்டோபர் 24. மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா மைதானம். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். சொந்த மண்ணில் விளையாடிய மெக்சிகோ முதற்பாதியிலேயே இரண்டு கோல் வாங்கிவிட்டது. இரண்டையும் அடித்தவர் ஜப்பானின் குனிஷிகே கமமோட்டோ. இடைவேளை முடிந்த கையோடு மெக்சிகோவுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. அது உள்ளே போயிருந்தால் 2–1. ஏறத்தாழ ஒரு முழுப்பாதி மிச்சம் இருந்தது. அரங்கம் முழுக்க மெக்சிகோ ரசிகர்கள்.

பந்து உள்ளே போகவில்லை. 25 வயதான கென்சோ யொகோயாமா அதைத் தடுத்துவிட்டார். ஆட்டம் 2–0 என்றே முடிந்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆசிய நாடொன்று பதக்கம் வென்றது அதுதான் முதல் தடவை.

அந்தத் தொடரில் கமமோட்டோ ஏழு கோல் அடித்தார். அதனால் அவர் பெயர் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. கோல் காப்பாளரை யார் நினைக்கிறார்கள்? நீங்கள் பள்ளிக்கூட அணியில் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பவர் என்றால் இதை நான் விளக்கத் தேவையில்லை.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் தடை குறைந்தால் பந்தின் வேகமும் மெதுவாகத்தான் குறையும். அதாவது, தாழ்ந்த நிலத்தில் பழகிய கோல் காப்பாளர் எதிர்பார்ப்பதைவிடச் சற்று முன்னதாகவே பந்து அவரிடம் வந்து சேரும். (நான் படித்தது பொறியியல். இந்த மாதிரிக் கணக்கு கண்ணில் பட்டால் விட மனம் வராது.)

யொகோயாமா 1943இல் சைத்தாமா மாகாணத்தில் பிறந்தவர். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆர்ஜென்டினாவை 3–2 என்று வென்றபோது அவர் ரிக்கியோ பல்கலைக்கழக மாணவன். அந்தத் தலைமுறையைச் செதுக்கியவர் டெட்மார் கிராமர் என்ற ஜேர்மன் பயிற்றுநர். படிப்பு முடிந்ததும் யொகோயாமா மிட்சுபிஷி கனரகத் தொழிற்சாலையின் அணியில் சேர்ந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் தொழில்முறை வீரர் என்று யாரும் கிடையாது. எல்லோரும் நிறுவன ஊழியர்கள், சம்பளம் வேலைக்குத்தான். வேலையையும் பயிற்சியையும் ஒரே நாளுக்குள் அடக்க வேண்டும். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கும் இதே கதைதான்.

1976இல் விளையாடிக்கொண்டே மிட்சுபிஷிக்குப் பயிற்றுநரானார். 1978இல் அந்த அணி லீக், லீக் கிண்ணம், பேரரசர் கிண்ணம் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. அதற்கு முன் எந்த ஜப்பானிய அணியும் செய்யாத காரியம். 1982இல் மீண்டும் லீக் சம்பியன்.

1988இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. அவருடைய பெயர் கெட்டது இங்கேதான்.

1990 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஜப்பானுடன் வட கொரியா, ஹொங்கொங், இந்தோனேசியா. ஆறு ஆட்டங்கள். அவற்றில் மூன்று 0–0. கடைசியில் பியொங்யாங்கில் 0–2 தோல்வி. முதல் சுற்றோடு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அதற்கு முன், 1988 ஆசியக் கிண்ணத்தில் இளைஞர்களை நம்பி இறங்கிய அணி நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூடப் போடவில்லை. கோல் காப்பாளராக இருந்தவர் கோல் விழாமல் இருப்பதை மட்டுமே யோசிக்கிறார் என்று கேலி செய்ய இதைவிட என்ன வேண்டும்?

அந்த விமர்சனத்தில் பாதி நியாயம் என்று நானும் ஒப்புக்கொள்வேன். 0–0 ஆட்டத்தை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். தென் கொரியா 1983லேயே தொழில்முறை லீக்கைத் தொடங்கிவிட்டது. ஜப்பானின் ஜே லீக் ஆட்டங்கள் ஆரம்பித்தது 1993இல். இடையில் இருந்த பத்து ஆண்டுகளின் விலையைக் கட்டியவர்களில் யொகோயாமாவும் ஒருவர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1992இல் ஹிரோஷிமாவில் ஜப்பான் முதன்முதலாக ஆசியக் கிண்ணத்தை வென்றது. புகழ் முழுவதும் புதிதாக வந்த டச்சுப் பயிற்றுநர் ஹான்ஸ் ஊஃப்டுக்குப் போனது. அவர் திறமைசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த அணியின் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள்: தடுப்பாட்டத்தில் மசாமி இஹாரா, நடுவில் ரூய் ராமோஸ், முன்னால் கசுயோஷி மியுரா, மசாஷி நகயாமா, மசாஹிரோ ஃபுகுடா, கோல் கம்பத்தில் ஷிகெதாட்சு மட்சுனாகா. இந்த ஆறு பேருக்கும் தேசிய அணியில் முதல் ஆட்டம் கொடுத்தவர் யொகோயாமா. மியுரா பிரேசிலில் விளையாடிவிட்டு நாடு திரும்பியவர். ராமோஸ் பிரேசிலில் பிறந்து ஜப்பான் குடியுரிமை பெற்றவர். இருவரையும் 1990 ஆசிய விளையாட்டுப் போட்டியில் களமிறக்கினார். தடுப்பை மட்டும் நினைத்த ஒருவர் இந்த இரண்டு பேரையும் தேடிப் பிடித்திருப்பாரா?

1991 கிரின் கிண்ணத்தில் பலன் கொஞ்சம் தெரிந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றிருந்த டொட்டன்ஹாமை ஜப்பான் 4–0 என்று தோற்கடித்துக் கிண்ணத்தை எடுத்தது. அடுத்த மாதமே நாகசாகியில் தென் கொரியாவிடம் 0–1 தோல்வி. விரைவில் பதவியும் போயிற்று.

1994இல் உராவா ரெட்ஸுக்குப் பயிற்றுநராகப் போனார். அது வேறு யாருமல்ல, அவருடைய பழைய மிட்சுபிஷி அணிதான். அவர் பிறந்த சைத்தாமா மாகாணத்துக்கு இடம்மாறிப் புதுப்பெயர் பெற்றிருந்தது. ஜே லீக்கின் முதல் ஆண்டில் கடைசி இடம் பிடித்த அணி அது. அவராலும் அதை உடனே தூக்கி நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்த ஆண்டு ஜேர்மனியிலிருந்து வந்த கீடோ புக்வால்ட் 1990 உலகக் கிண்ணம் வென்ற தடுப்பாட்டக்காரர். 2006இல் உராவா முதன்முதலாக ஜே லீக் சம்பியனானபோது அதன் பயிற்றுநராக நின்றவரும் இதே புக்வால்ட்தான்.

அதற்கு முன் உராவா ஒரு பள்ளத்தில் விழுந்து எழ வேண்டியிருந்தது. 1999இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2000 பருவத்தின் கடைசிக் கட்டத்தில், முதற்பிரிவுக்குத் திரும்புவது சந்தேகமானபோது, நிர்வாகத்தில் இருந்த யொகோயாமாவே மீண்டும் பயிற்றுநர் இருக்கைக்கு வந்தார். நவம்பர் 19, கொமாபா மைதானம், சாகான் தோசுவுக்கு எதிரான கடைசி ஆட்டம். 90 நிமிடம் முடிந்தபோது 1–1. மேலதிக நேரத்தில் மசாகி ட்சுசிஹாஷி தூரத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. உராவா முதற்பிரிவுக்குத் திரும்பியது. யொகோயாமாவுக்கு அப்போது 57 வயது.