ஸ்டெல்லரேட்டர் சுருள் வடிவமைப்பில் அட்ஜாயிண்ட் முறை

அட்ஜாயிண்ட் முறை என்பது, ஒரு பொருளின் வடிவத்தைக் குறிக்கும் அளவுருக்கள் ஒவ்வொன்றும் சிறிது மாறினால் அதன் செயல்திறன் எவ்வளவு மாறும் என்பதை, அளவுருக்கள் எத்தனை இருப்பினும், ஒரே ஒரு கூடுதல் தீர்வின் மூலம் கண்டறியும் கணித முறை ஆகும். அணுக்கரு இணைவுக் கருவிகளுள் ஒன்றான ஸ்டெல்லரேட்டரின் காந்தச் சுருள்களை வடிவமைக்க இது பயன்படுகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் சேர்ப்பு அணி ஆங்கிலத்தில் இதே பெயரால் வழங்கினும், இரண்டும் வேறானவை.

தேவை

லைமன் ஸ்பிட்சர் 1951 இல் முன்வைத்த ஸ்டெல்லரேட்டரில், பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் முறுக்கிய காந்தப்புலத்தை வெளிச் சுருள்களே உருவாக்குகின்றன. டோக்காமாக்கில் போலப் பிளாஸ்மாவினுள் பெரும் மின்னோட்டம் தேவையில்லை. ஆனால் சுருள்களின் வடிவம் மிகவும் சிக்கலாகிறது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 2015 இல் இயங்கத் தொடங்கிய வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியில், ஒரே தளத்தில் அடங்காத மீகடத்திச் சுருள்கள் 50 உள்ளன. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கட்டப்பட்டுவந்த என்.சி.எஸ்.எக்ஸ் கருவி மிக நுண்ணிய அளவுத் துல்லியத்தைக் கோரியது. செலவும் காலமும் பெருகியதால் 2008 இல் அது கைவிடப்பட்டது. எனவே, செய்வதற்கு எளிய சுருள் வடிவத்தைத் தேடுவது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று.

செயல்படும் விதம்

சுருள்கள் அமையும் பரப்பின் வடிவம் 300 ஃபூரியே கெழுக்களால் தரப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கெழுவையும் சிறிது மாற்றி மின்னோட்டத்திற்கான சமன்பாடுகளை மீண்டும் தீர்ப்பதாயின் 301 தீர்வுகள் வேண்டும், எண்பிழைகளும் சேரும். அட்ஜாயிண்ட் முறையில் மூலச் சமன்பாட்டுத் தொகுதி ஒருமுறை தீர்க்கப்படுகிறது. பின்னர் அதன் அணியின் நிரை நிரல் மாற்றைக் கொண்ட தொகுதி, இலக்குச் சார்பின் வகைக்கெழுவை வலப்பக்கத்தில் இட்டு, ஒருமுறை தீர்க்கப்படுகிறது. இவ்விரு தீர்வுகளிலிருந்து 300 வகைக்கெழுக்களும் எளிய பெருக்கல்களால் கிடைத்துவிடும். இலக்குச் சார்புகள் பலவாயின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்ஜாயிண்ட் தீர்வு தேவை.

பயன்பாடு

ஆன்டனி ஜேம்சன் 1988 இல் வானூர்தி இறக்கை வடிவமைப்புக்கு முன்வைத்த இவ்வழியை, எலிசபெத் பால், மாட் லேண்ட்ரிமன் முதலியோர் 2018 இல் ஸ்டெல்லரேட்டர் சுருள்களுக்குக் கையாண்டனர். வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியின் உண்மையான சுருள் பரப்போடு ஒப்பிடுகையில், அவர்கள் கண்ட பரப்பில் காந்தப்புலப் பிழை குறைந்தது. சுருளுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையிலான சராசரித் தொலைவு கூடியது. மின் உலையில் டிரிட்டியம் உண்டாக்கும் போர்வையும் நியூட்ரான் தடுப்பும் அமைய வேண்டியது இவ்விடைவெளியில்தான் என்பதால் இது சிறிய ஆதாயம் அன்று.

பரப்பின் எப்பகுதி சற்று விலகினால் காந்தப்புலம் மிகுதியாகக் கெடும் என்பதையும் இம்முறை காட்டும். எங்கே துல்லியம் இன்றியமையாதது, எங்கே தளர்த்தலாம் என்று பொறியாளர்கள் முடிவுசெய்ய இது உதவக்கூடும். எனினும், வகைக்கெழுவைப் பின்பற்றிச் செல்லும் தேடல் அருகிலுள்ள சிறுமத்திலேயே நின்றுவிடலாம். ஆகவே வெவ்வேறு தொடக்க வடிவங்களிலிருந்து கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம்.