சக்கர நாற்காலியில் உடற்தகுதியை எப்படி அளப்பது?

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் சக்கர நாற்காலியில் இருப்பவரின் உடற்தகுதியை அளக்க முதலில் வேண்டியது கருவி அல்ல, சமதரை. ஆறு நிமிடத் தள்ளல் சோதனை எளிது: அந்த நேரத்தில் நாற்காலியைத் தானே தள்ளி எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்ப்பது. லயத்து வாசலிலேயே படியும் சரிவும் தொடங்கும் இடத்தில் இதைச் செய்தால் நாம் அளப்பது மலையைத்தான். பெரட்டுக்களமோ கோயில் மண்டபமோ போதும் என்பேன். ஒவ்வொரு முறையும் அதே தரை, அதே நாற்காலி, டயரில் அதே காற்று இருக்கவேண்டும்.

நாடித்துடிப்பை அப்படியே நம்ப முடியாது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, கழுத்து மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் முற்றாகப் பாதிக்கப்பட்டவருக்குப் பொருந்தாது. இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகளுக்கு மூளையின் கட்டளை போய்ச் சேராததால், முழு மூச்சாக உழைத்தாலும் துடிப்பு பெரும்பாலும் 130ஐத் தாண்டாது. 'இன்னும் முயலுங்கள்' என்று அவரை விரட்டுவது அநியாயம். சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான அளவுகோலில் எவ்வளவு சிரமம் என்று அவரிடமே கேட்கலாம்.

உடல் நிறைச் சுட்டெண்ணும் ஏமாற்றும். கால் தசை மெலிந்தவருக்கு அது 'சாதாரணம்' என்று காட்டும், கொழுப்பு கூடியிருக்கும்.

முள்ளந்தண்டுக் காயமுற்ற பெரியவர்களுக்கான 2018 சர்வதேச வழிகாட்டல், வாரம் இரு முறை குறைந்தது 20 நிமிட ஏரோபிக் பயிற்சியும் தசைவலுப் பயிற்சியும் கேட்கிறது. நான் முதலில் குறித்துக்கொள்வது வேறொன்று: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உதவியின்றி மாறுகிறாரா? முடியாவிட்டால், கொழுந்துக்குப் போகவேண்டிய ஒருவர் அவருக்காக அன்றைய பேரை இழந்து வீட்டில் நிற்கிறார்.