வாரிசு: நத்தத்து வீட்டுக்குள் வந்த சொல்

திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியில் ஒரு வீட்டில் சாவு விழுந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வாரிசு சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுத்தாச்சா?" என்பதுதான். வீட்டுப் பட்டா, மாந்தோப்பு, வங்கியில் அடகிருக்கும் நகை, மின் இணைப்பு எல்லாம் இறந்தவர் பேரிலேயே நிற்கும். அவற்றில் எதை அசைக்கவும் அந்த ஒரு தாள் வேண்டும்.

'வாரிசு' தமிழ்ச் சொல் அல்ல. அரபியில் 'வாரிஸ்' என்றால் இறந்தவரின் உடைமையைப் பெறுபவர். அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல் 'மீராஸ்', அதாவது வழிவழியாக வரும் உடைமை. அது தமிழில் 'மிராசு' ஆயிற்று. மிராசுதார் அதிலிருந்து வந்தவர். வாரிசும் மிராசும் உடன்பிறந்தவை என்பது இன்று யாருக்கும் நினைவில்லை. ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. மிராசு என்று சர்க்கார் சொல்லும் உரிமைக்கு ஊரார் வழங்கும் பெயர் காணியாட்சி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அரசாங்கக் காகிதத்தில் காணியாட்சி நிற்கவில்லை, மிராசுதான் நின்றது.

திண்டுக்கல் சீமை 1755 முதல் ஐதர் அலியின் கையிலும், பிறகு திப்புவிடமும் இருந்து, 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போனது. மைசூர் ஆட்சியும் சரி, ஆர்க்காட்டு நவாபு ஆட்சியும் சரி, கணக்கு வழக்குக்குப் பாரசீகம் வழி வந்த சொற்களை வைத்திருந்தன. வெள்ளைக்காரர்கள் அவற்றை மாற்றாமல் எடுத்துக்கொண்டார்கள். தாசில்தார், தாலுகா, ஜமாபந்தி, பசலி, வசூல், நகல் எல்லாம் அப்படி நிலைத்தவை. ஜூலை முதல் தேதியில் பிறக்கும் பசலி ஆண்டு கிராமக் கணக்கில் இன்றும் ஓடுகிறது. வாரிசும் இந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் ஊருக்குள் வந்திருக்க வேண்டும். தெலுங்கில் 'வாரசுடு', கன்னடத்தில் 'வாரசுதார' என்று அண்டை மொழிகளிலும் இதே சொல் குடியேறியிருக்கிறது.

அதற்கு முன் நம்மிடம் சொல் இல்லாமலா இருந்தது? நிறையவே இருந்தன. ஆனால் அவற்றில் பல ஆளைவிட உடைமையைச் சுட்டுபவை. காணி என்றால் நிலமும் அதன்மேல் வழிவழி உரிமையும். தாயம் என்றால் பங்காக வரும் சொத்து. யாழ்ப்பாணத்தில் 1707-இல் ஒல்லாந்தர் தொகுக்கச் செய்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்தது. முன்னோர் வழி வந்தது எது, பெண்ணோடு போனது எது, இருவரும் சேர்ந்து ஈட்டியது எது என்று பெயரிலேயே தெரிந்துவிடும். இவ்வளவு தெளிவான மூன்று சொற்களைத் தமிழகத்துச் சட்டத் தமிழ் எடுத்துக்கொள்ளாமல் விட்டது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆளைக் குறிக்க இருந்தவற்றில் வலுவானது தாயாதி. தாயத்தில் பங்குடையவன் என்பது அதன் பொருள். பேச்சில் பங்காளி. இரண்டுமே ஆண் வழியில் வந்த ஆண்களைச் சுட்டின. மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட மரபில் குடும்பச் சொத்துக்குப் பிறப்பாலேயே பங்காளியானவன் மகன். மகள் அந்தச் சொல்லுக்குள் இல்லை.

வாரிசு என்ற சொல் பிறந்த சட்டத்தில் நிலைமை வேறு. இஸ்லாமிய வாரிசு முறையில் மகளும் பெயர் சொல்லிப் பங்கு ஒதுக்கப்பட்டவள். மகனுக்கு உள்ளதில் பாதிதான். ஆனாலும் அவள் வாரிஸ். மனைவியும் தாயும் அப்படியே. ஆக, பெண்ணையும் உள்ளடக்கிய ஒரு சொல்லை வாங்கி, அதைத் தாயாதியின் இடத்தில் வைத்தோம். வைத்தவுடன் அது ஆணாகிவிட்டது. "அவருக்கு வாரிசு இல்லை" என்று மூன்று பெண்களைப் பெற்றவரைப் பற்றி ஊரில் சொல்வதைக் கேட்காதவர் உண்டா? அரசியலிலும் சினிமாவிலும் வாரிசு என்றால் நாற்காலியில் அடுத்து உட்காரும் ஒருவர். ஒருமையாகவும் ஆணாகவும் அச்சொல் சுருங்கியதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பழைய பத்திரங்களில் 'வாரிசுதாரர்' என்று ஒரு வடிவம் வரும். 'தார்' என்றால் உடையவர். வாரிசு என்பதே ஆளைக் குறிக்கும்போது அதற்கு மேல் எதற்குத் தாரர்? எழுதியவர்கள் வாரிசு என்பதை உரிமையாகவும் உடைமையாகவும் எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். காணி, தாயம் என்று உடைமையைச் சொல்லியே பழகிய மொழி, வந்த சொல்லையும் தன் வழிக்கு வளைத்திருக்கிறது. இன்றைய சட்டத் தமிழில் 'வாரிசுரிமை' என்று 'உரிமை'யைத் தனியே சேர்த்து இதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

சுருங்கிய சொல்லைச் சட்டம் மெல்ல விரித்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் நால்வரையும் முதல் வகுப்பில் சமமாக நிறுத்தியது. தந்தை அந்த வகுப்பில் இல்லை என்பது பலருக்கு இன்றும் வியப்பு. பூர்விகச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கித் தமிழ்நாடு செய்த திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை மட்டும் அது வெளியே நிறுத்தியது. 2005-இல் நாடாளுமன்றம் அந்த வேலியையும் எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்தாக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அரபிச் சொல் தன் பிறந்த வீட்டுப் பொருளை நெருங்கி, பிறகு அதையும் தாண்டிச் சமப் பங்குவரை வந்துவிட்டது.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். இறப்புச் சான்றோடு இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து எழுதுவார்கள்; தாசில்தார் சான்று தருவார். பெயர், வயது, இறந்தவருக்கு என்ன உறவு என்பது அதில் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. அது சொத்துப் பத்திரமும் ஆகாது. 'வாரிசுச் சான்று' கிடைத்ததும் சொத்தே கைக்கு வந்ததாக நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதற்கு ஒலியில் மிக நெருங்கிய 'வாரிசுரிமைச் சான்று' வேறொன்று. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தருவது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க மட்டும் உதவுவது. இரண்டுக்கும் இவ்வளவு ஒத்த பெயரை வைத்தவர்கள் ஏழைகளை எத்தனை முறை அலைய விட்டிருக்கிறார்கள்!

உயில் இருந்தால் வழி மாறும். 'உயில்' ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். நம்மிடம் 'வில்' ஏற்கெனவே ஆயுதமாக இருந்ததால் உகரம் முன்னே நின்று வழிவிட்டது போலும். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் பெறும் புரொபேட், இந்துக்களைப் பொறுத்தவரை சென்னை, பம்பாய், கல்கத்தா சார்ந்த எல்லைகளுக்குத்தான் கட்டாயமாக இருந்தது. நத்தத்தில் எழுதி, நத்தத்துச் சொத்தை மட்டும் சொல்லும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும்.

ஊரின் பெயரே இந்த விஷயத்தில் சிக்கல் உள்ள ஒன்று. நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், வரி விதிக்காத நிலங்களோடு எண்ணப்படுகிறது. கிராம நத்தத்தில் வீடு கட்டி வாழ்பவரின் மனை அரசுக்குச் சொந்தமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. வரி இல்லாததால் பழைய கணக்கும் இல்லை. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து கொடுத்த தோராய பட்டாதான் பலருக்கு முதல் காகிதம். அது தாத்தா பேரில் இருக்கும். தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்று, அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று என்று பின்னோக்கி வாங்கிக்கொண்டே போனால்தான் பேரன் பேருக்குப் பட்டா மாறும்.

அப்படிப் பின்னோக்கிப் போகையில் எப்போதோ கட்டிக்கொடுத்த அத்தைகளின் பெயர்களும் பட்டியலில் வந்து சேர்கின்றன. "அத்தை, ஒரு கையெழுத்துதான்" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். போடுவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். போட்டுவிட்டால் எளிதில் திரும்பாது என்பதைப் பக்கத்தில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். பெயரையே மறைத்துச் சான்று வாங்கியிருந்தால் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தானும் வாரிசு என்று விளம்புகை பெறலாம்.