"சார், நம்ம ஏரியா எந்த நம்பர்?"

1993 ஜூன் 29ஆம் தேதி கோலாலம்பூர் மேடான் டாமான்சாராவில் பெந்தோங் காளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. பினாங்கில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த முடிவெட்டும் கடையில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் பார்த்தேன் என்பதுதான் சரி. பக்கம் நிறைய அவன் முகம். கடைக்கார மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "புலி மாதிரி இருந்தான்யா" என்றார். நாற்காலியில் இருந்தவர், "எத்தன பேரு தாலிய அறுத்தவன், இவருக்குப் புலியாம்" என்று முனகினார். என் காதில் விழுந்தது புலி மட்டும்தான்.

பழைய பேப்பர் கட்டிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்து, அறிவியல் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்தேன். ஃப்ளாட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் நாங்கள் 'காளி' விளையாடினோம். காளியாக வர அடிதடியே நடக்கும். போலீஸாக வர யாரும் தயாரில்லை. கடைசியாக ஓடி வந்தவன்தான் போலீஸ். செத்துப்போனது யார், ஜெயித்தது யார் என்பதெல்லாம் எங்களுக்குப் பொருட்டாகவே இல்லை. காளிமுத்து என்ற ஒரு தமிழ் ஆளின் முகம் மலாய்ப் பத்திரிகையிலும் ஆங்கிலப் பத்திரிகையிலும் அத்தனை பெரிதாக வந்திருந்தது. அதற்கு முன் அந்த அளவில் நம் ஆள் ஒருவரை நான் பார்த்ததில்லை. சாமிவேலு வேண்டுமானால் வருவார், ரிப்பன் வெட்டிக்கொண்டு.

பினாங்குக்கு இந்த மயக்கம் புதிதல்ல. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுனில் பத்து நாள் கலவரம் நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் சங்கமும் வெள்ளைக் கொடியும். இன்னொரு பக்கம் தோ பே கோங் என்று அழைக்கப்பட்ட கியான் தெய்க் சங்கமும் சிவப்புக் கொடியும். இதைச் சீனர் சண்டை என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. இரண்டு கொடிகளின் கீழும் மலாய்க்காரர்களோடு ஜாவி பெரனாக்கானும் தென்னிந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். அதாவது நம் தாத்தாக்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுத்த ஆண்டே விசாரணைக் குழு சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டு அறிக்கை எழுதியது. கியான் தெய்க் தலைவர் கூ தியான் தெய்க்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டது. இன்று ஆயர் ஈத்தாமில் ஜாலான் தியான் தெய்க் இருக்கிறது. கேனன் ஸ்திரீட்டில் சுற்றுலா வழிகாட்டிகள் நின்று, பீரங்கிக் குண்டு துளைத்ததால்தான் இந்தத் தெருவுக்கு இந்தப் பெயர் என்று கதை சொல்கிறார்கள். அந்தப் பத்து நாளில் செத்த கூலிகளில் ஒருவர் பெயர்கூட எந்த முச்சந்தியிலும் இல்லை. அடித்தவனுக்குத் தெரு, அடிபட்டவன் அறிக்கையில் ஒரு எண்ணிக்கை. இன்றைய குற்றச் செய்தியின் இலக்கணமும் ஏறக்குறைய இதுதான்.

இருபது வருஷம் தாண்டி 2013க்கு வருகிறேன். அப்போது நான் பாயான் பாரு பக்கம் மாலை நேரத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் 19ஆம் தேதி சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 04 குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. 'ஓப்ஸ் சந்தாஸ்' நடவடிக்கை தொடங்கிய சமயம் அது. மாத இறுதியில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்துப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 40,313 உறுப்பினர்கள், அதில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. மக்கள்தொகையில் ஏழு சதவிகிதம் இருக்கும் சமூகம், குண்டர் கணக்கில் எழுபதைத் தாண்டியது. பத்திரிகைகள் பட்டியலைக் கட்டம் போட்டு அச்சடித்தன: 04, 08, 36 என்று எண்கள், பெயர்கள். எஸ்பிஎம் தேர்வு அட்டவணை மாதிரியே இருந்தது.

மறுநாள் வகுப்பில் படிவம் இரண்டு படிக்கும் பையன் ஒருவன் கை தூக்கினான். "சார், நம்ம ஏரியா எந்த நம்பர்?"

கேலியாகக் கேட்கவில்லை. எந்த பஸ் கொம்தாருக்குப் போகும் என்று கேட்பது போலக் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவனுக்காகப் பதில் சொன்னான், எண்ணோடும் தெருவோடும். இருவரிடமும் பட்டியல் இருந்தது. ஒருவன் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். மற்றவன் பேப்பரை வெட்டி, நான்காக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தான். நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன். அறிவியல் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது.

பத்திரிகை படித்துத்தான் நம் பிள்ளைகள் கத்தியைத் தூக்குகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் தோட்டங்களைத் துண்டாடியவர்களுக்குக் கொண்டாட்டம். வேலையும் வீடும் கோயிலும் ஒரே நாளில் போய், புறம்போக்கிலும் மலிவு விலை ஃப்ளாட்டிலும் ஒதுங்கிய குடும்பங்களின் கதை அது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தில் (2015) வரும் அப்போய் என்ற சிறுவன் செய்தி படித்துக் கெடவில்லை. சித்தப்பாவைப் பார்க்கிறான், பள்ளியில் அடி வாங்குகிறான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன்கள் தேடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் செய்தி சும்மா கொடுக்கிறது: ஒரு பெயர், ஒரு எல்லை, தான் பெரிய ஒன்றின் ஆள் என்ற நினைப்பு. அதுவரை 36 என்பது இரண்டு தெருப் பொடியன்கள் சுவரில் கிறுக்கிய எண். பட்டியல் வந்த காலையில் அது அரசாங்கம் முத்திரை குத்திய தேசிய நிறுவனம். பயமுறுத்தத்தான் வெளியிட்டார்கள். என் வகுப்பில் யாரும் பயந்த மாதிரி தெரியவில்லை.

சுங்கை நிபோங்கிலிருந்து குளுகோர் எட்டிப்பிடிக்கும் தூரம். அங்கேதான் மாடு வளர்த்துக்கொண்டு தமிழர்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா இருந்தது. 2009இல் இடித்துத் தள்ளினார்கள். அதுவும் செய்தியானது, சில மாதம். அந்த ஊரின் பெயரை என் மாணவர்களிடம் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. நாலே வருஷம்தான் ஆகியிருந்தது.

சரி, எழுதாமலே விட்டுவிடலாமா? அதுவும் தப்பு. ஆட்டோ சங்கர் தன் கதையை நக்கீரனில் எழுத முனைந்தபோது, அதிகாரிகள் அதைத் தடுக்கப் பார்த்தார்கள். அவனோடு கூட்டு வைத்திருந்த அதிகாரிகளின் பெயர்கள் அதில் வரும் என்ற பயம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று 1994இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தொடர் கிளுகிளுப்பாகவும் விற்றது, மறுக்கவில்லை. ஆனால் ரௌடிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி அங்கே இருந்தது. எங்கள் 49 கும்பல் பட்டியலில் அந்தப் பத்தி இல்லை. எண் இருந்தது, இனம் இருந்தது. யாருடைய கடனை வசூலிக்க, யாருடைய நிலத்தைக் காலி செய்ய, யாருடைய சரக்கை விற்க இந்த 28,926 பேர் தேவைப்பட்டார்கள் என்பது இல்லை.

எப்படி எழுதுவது என்பதற்கு வியன்னாவில் ஒரு பழைய உதாரணம் உண்டு, குற்றம் பற்றியதல்ல என்றாலும். எண்பதுகளின் நடுவில் அங்கே சுரங்க ரயில் முன் பாய்ந்து தற்கொலை செய்துகொள்வது கூடியது. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படத்தோடு போட்டன. 1987இல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஒரு வழிகாட்டுதலை எழுதிக் கொடுத்தார்கள்: முதல் பக்கம் வேண்டாம், படம் வேண்டாம், விவரிப்பு வேண்டாம். பத்திரிகைகள் ஏற்றன. அந்தச் சாவுகள் சில மாதங்களிலேயே பெருமளவு குறைந்தன. தற்கொலைக்குப் பொருந்தியது குண்டர் கும்பலுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் அச்சில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஓர் ஆள் அதைப் பார்க்கிறான் என்பது உறுதி. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று ஜசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அறிவித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். நம் தமிழ்த் தலைப்புகளோ இன்னும் அடைமொழி தேடிக்கொண்டிருக்கின்றன.

கை தூக்கிக் கேட்ட பையன் இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். போன தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் முறுக்குப் பொட்டலத்தோடு நின்றவன், "சார்!" என்று கூப்பிட்டான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பேச்சுவாக்கில் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன்.

"எந்த லிஸ்ட் சார்?" உண்மையிலேயே மறந்திருந்தான்.

பென்சில் பெட்டியில் வெட்டி வைத்திருந்தவன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அவங்க அம்மா இன்னும் அதே ஃப்ளாட்லதான் சார் இருக்காங்க" என்றான்.