ஒற்றை ஆள் பட்டறை

முறையான குருவிடம் பயிலாமல், ஓய்வு நேரத்தில், வீட்டின் ஒரு மூலையில் உட்கார்ந்து கிளாசிக்கல் கிட்டார் செய்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். முதலில் பரம்பரைக் கைவினைஞர்கள் இந்த வாத்தியத்தை உருவாக்கி முழுமைப்படுத்தினார்கள். பிற்பாடு வழிகாட்டிப் புத்தகங்கள் வந்ததும் ஆர்வலர்கள் அவற்றைப் பார்த்துச் செய்யக் கிளம்பினார்கள் என்பது அந்த வரிசை. வரலாற்றுச் சான்றுகள் இதை ஏற்கவில்லை. இன்றைய கிளாசிக்கல் கிட்டார் தன் வடிவத்தை எட்டியது, வாத்தியப் பட்டறையில் வளராத ஒரு தச்சரின் கையில். அதன்பிறகும் அதன் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் வெளியாட்களே நின்றிருக்கிறார்கள். அதற்கான காரணம் கிட்டாரின் உறுப்புகளைப் பூட்டிச் சேர்க்கும் முறையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினில் நரம்பு வாத்தியம் செய்வது ஒரு காலத்தில் யாரும் நினைத்தவுடன் நுழையக்கூடிய தொழிலாக இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்தின் கைவினைஞர் சங்க விதிகள், கடை திறக்க விரும்புகிறவர் தேர்வாளர்கள் முன்னிலையில் வாத்தியங்களைத் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும் என்றன. அந்தச் சங்கங்களின் அதிகாரம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சட்டப்படியே முடிவுக்கு வந்தது. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர் அந்தோனியோ டி டோரஸ். அல்மேரியாவை அடுத்த லா கன்யாடாவில் 1817-இல் பிறந்தவர். சிறுவயதில் கற்றது தச்சு வேலை. 1840-களில் செவிலுக்குப் போன பிறகுதான் கிட்டார் அவருடைய தொழிலாக மாறியது. பழைய விதிகள் அப்படியே இருந்திருந்தால், வாத்தியப் பட்டறையில் பயிலாத தச்சர் ஒருவர் அந்த ஊரில் கடை போட்டிருப்பது எளிதாக இருந்திருக்காது. 1856-இல் ‘லா லியோனா’ என்று பெயர்பெற்ற கிட்டாரைச் செய்தார். 1858-இல் செவில் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் 1864-இல் செய்த கிட்டாரைத்தான் கிட்டார் கலைஞர் தாரேகா பல்லாண்டு வாசித்தார். அப்படியும் இந்தத் தொழில் அவருக்கு நிலையாகச் சோறு போடவில்லை. 1870 வாக்கில் அல்மேரியாவுக்குத் திரும்பிப் பீங்கான் கடை நடத்தினார். 1875-இல் மறுபடி கிட்டாருக்கு வந்து, 1892-இல் சாகும்வரை செய்தார். கடையும் பட்டறையுமாக அவர் கழித்த அந்தப் பிற்காலத்தை நினைக்கும்போது, தொழில்முறையாளர், ஆர்வலர் என்று இன்று நாம் போடும் கோடு அவர் வாழ்க்கையில் எங்கே விழும் என்று சொல்வது கடினம்.

டோரஸ் எதையும் ஒன்றுமில்லாமலிருந்து படைத்துவிடவில்லை. மேற்பலகையின் அடியில் விசிறி போல விரியும் மரச்சட்டங்களை ஒட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே செவில், காதிஸ் பட்டறைகளில் இருந்தது. அவர் உடலைப் பெரிதாக்கினார், மேற்பலகையை மெல்லியதாக இழைத்து அதற்கு இலேசான குவிவு கொடுத்தார், ஏழு சட்டங்களைக் கணக்காக அமைத்தார். ஒலியில் பெரும்பங்கு மேற்பலகைக்கே என்ற தன் எண்ணத்தைச் சோதிக்க, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் அட்டையால் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் பலகை வைத்து ஒரு கிட்டார் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்க ஆள் வருமா என்று மட்டும் பார்க்கும் கடைக்காரர் இப்படியொன்றைச் செய்திருக்க மாட்டார். தெரிந்துகொள்ளும் ஆசையே அந்த வேலைக்குக் கூலி.

சோதித்துப் பார்க்கும் இந்தச் சுதந்திரத்துக்கு இடம் கொடுத்தது ஸ்பானிய வேலைமுறை. மத்திய ஐரோப்பாவின் பல பட்டறைகளில் உடற்பெட்டியை முதலில் அச்சில் வைத்து முடிப்பார்கள். கழுத்தைத் தனியாகச் செய்து கடைசியில் பொருத்துவார்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிடிப்பான் என்று கருவிகள் பெருகும். பலர் பகிர்ந்து செய்யும் பட்டறைக்கு அது பொருந்தும். ஸ்பானிய முறையில் சொலேரா என்ற ஒரே ஒரு பலகை போதும். கிட்டார் வடிவில் வெட்டி, மேற்பலகையின் குவிவுக்கேற்ப நடுவில் சற்றே குழித்த பலகை அது. மேற்பலகையை அதன்மேல் குப்புற வைப்பார்கள். கழுத்தை அப்போதே அதனுடன் ஒட்டிவிடுவார்கள். கழுத்தின் அடிக்கட்டையில் அறுத்த இரண்டு காடிகளில், சூட்டில் வளைத்த பக்கப் பலகைகளைச் செருகுவார்கள். பக்கமும் மேற்பலகையும் சேரும் இடத்தில் சிறு முக்கோணக் கட்டைகளை வஜ்ரப் பசையில் தோய்த்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி ஒட்டுவார்கள். பசை இறுகும்வரை விரலே பிடிப்பான். கடைசியில் முதுகை வைத்து மூடிக் கயிற்றைச் சுற்றி இறுக்குவார்கள். இழைப்புளி, உளி, ரம்பம், சுரண்டுதகடு, வளைக்கும் இரும்பு, ஒரு கட்டுக் கயிறு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். உதவிக்கு ஆள் வேண்டாம். பெரிய இடமும் வேண்டாம். பணமில்லாத ஊர்த் தச்சருக்குக் கட்டுப்படியான முறை இது. அதனாலேயே பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் வாசல் திறந்தே இருந்தது.

அந்த வாசல் வழியாக வந்தவர்களில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவர் ரொபேர் பூஷே. பாரிஸ் ஓவியர், கிட்டார் வாசிப்பதில் ஆசை. அங்கே குடியேறியிருந்த ஸ்பானியக் கைவினைஞர் ஹூலியன் கோமெஸ் ராமிரெஸின் பட்டறைக்குப் போய் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். 1946-இல், நாற்பத்தெட்டு வயதில், தன் முதல் கிட்டாரைச் செய்தார். சில ஆண்டுகளுக்குள் கிட்டார் கலைஞர்களான இடா பிரெஸ்டியும் லகோயாவும் அவருடைய கிட்டார்களை வாசித்தார்கள்; ஜூலியன் பிரீமும் வாசித்தார். மாட்ரிடில் மானுவேல் எர்னாந்தெஸும் விக்டோரியானோ அகுவாதோவும் பியானோ வேலையிலிருந்து கிட்டாருக்கு வந்தவர்கள். ஹோசே லூயிஸ் ரொமானில்யோஸ் மாட்ரிடில் மரச்சாமான் வேலை பயின்று 1956-இல் இங்கிலாந்துக்குப் போனவர். தான் வாசிப்பதற்கென்றே ஒரு கிட்டார் செய்துகொள்ளத் தொடங்கி, 1970-களில் பிரீமின் கையில் தன் வாத்தியம் ஒலிப்பதைக் கேட்டார். டோரஸின் வாழ்க்கையையும் அவர் வேலையின் அளவுகளையும் ஆராய்ந்து, 1987-இல் நூலாக உலகுக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாட்ரிடில் மானுவேல் ராமிரெஸின் பட்டறை இருந்தது; அதிலிருந்து சாந்தோஸ் எர்னாந்தெஸும் தொமிங்கோ எஸ்தேசோவும் வந்தார்கள். கிட்டார் கலைஞர் செகோவியா இளமையில் வாசித்த 1912-ஆம் ஆண்டுக் கிட்டார் அந்தப் பட்டறையுடையது. அதன்பின் அவர் கால் நூற்றாண்டு வாசித்த 1937-ஆம் ஆண்டுக் கிட்டாரைச் செய்தவர் மியூனிக்கின் ஹெர்மன் ஹவுசர். தந்தையிடமிருந்தே தொழில் கற்றவர். மேடைகளில் ஒலித்த பெரும் கிட்டார்கள் பரம்பரையிலிருந்து வந்தவை என்பதற்கு இவை போதாதா என்று கேட்கலாம். பட்டறைகளின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. தரத்தை நாள்தோறும் காப்பாற்றியவை அவை. ஆனால் ஹவுசரின் கதையையே கூர்ந்து பார்க்க வேண்டும். ஜெர்மானிய மரபில் சிதர் என்ற நரம்பு வாத்தியமும் கிட்டாரும் செய்துவந்த அவர், 1924-க்குப் பிறகு, செகோவியாவின் கிட்டாரையும் டோரஸின் வாத்தியங்களையும் பார்த்து, அளந்து, தனக்குப் பழகிய முறையை விட்டுவிட்டு ஸ்பானிய முறைக்கு மாறினார். குடும்பத் தொழில் அவருக்குக் கைத்திறன் கொடுத்தது. வழியைக் காட்டியது ஒரு தச்சர் விட்டுப்போன வாத்தியம். அளந்து பார்த்துக் கற்பது ஆர்வலரின் வழி. பரம்பரையில் வந்த அவரும் அந்த வழியில்தான் நடந்தார்.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. டோரஸின் கடைசிக் காலத்தில் அவருக்கு உதவியாக இருந்த பாதிரியார் ஹுவான் மார்டினெஸ் சிர்வென்ட் பிற்பாடு எழுதிவைத்த செய்தியின்படி, தன் ரகசியம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிறது என்று டோரஸ் சொன்னாராம்: பலகை பதத்துக்கு வந்துவிட்டதா என்பதை அந்த விரல்களே அவருக்குத் தெரிவித்தன. அப்படியானால் புத்தகம் பார்த்துச் செய்பவருக்கு எது கிடைக்கும்? ஷார்ப்பின் வழிகாட்டிச் சிறுநூல் 1957-இலும் இர்விங் ஸ்லோனின் நூல் 1966-இலும் வெளிவந்தபின் எத்தனையோ பேர் வரைபடத்தைப் பின்பற்றிக் கிட்டார் செய்தார்கள். அவற்றில் பல சுமாரானவையாகவே இருந்திருக்கும். இதை மறுக்க வேண்டியதில்லை. அச்சில் வரும் அளவு, மரத்துக்கு மரம் மாறும் விறைப்பைச் சொல்லாது. ஒரே தடிமனுக்கு இழைத்த இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகளில் ஒன்று அதிரும், மற்றது மந்தமாகக் கிடக்கும். ஆயினும் அந்த விரலறிவு பட்டறையில் பிறந்தவருக்கும் இரத்தத்தில் வருவதில்லை. பலகைகளை வளைத்தும் தட்டியும் கேட்டுக் கேட்டே வருகிறது. டோரஸுக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். புத்தகம் தருவது நுழைவு மட்டுமே. அதற்கு அடுத்த படியைத் தந்தவை ஆர்வலர்களும் தொழில்முறையாளர்களும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டமைப்புகள். 1972-இல் தொடங்கிய அமெரிக்க லூத்தியர் கில்டு (நரம்பு வாத்தியம் செய்வோர் சங்கம்), தேர்வு வைத்துக் கதவடைத்த பழைய சங்கத்தின் பெயரை வைத்துக்கொண்டே, தெரிந்ததை எல்லாருக்கும் சொல்வதைக் கொள்கையாக்கியது.

மர விஷயத்தில் ஆர்வலரின் இடம் இன்று இன்னும் பெரியது. கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்ட பிரேசில் ரோஸ்வுட் 1960-களில் கிடைப்பது அரிதாகி, 1992-இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. அதன் இடத்துக்கு வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரிக் காடுகளில் வளரும் மரம், உலகம் முழுவதும் கிளாசிக்கல் கிட்டாரின் வழக்கமான முதுகாக ஆனது. அந்த ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2017-இல் ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது, மரத்துக்குக் கிடைக்கவில்லை. தொழில்முறையாளர் இதில் மாட்டிக்கொள்கிறார்: விலை கொடுக்கிறவர் ரோஸ்வுட்டைத்தான் கேட்கிறார், வேறு மரத்தில் செய்து வைத்தால் அது மறுவிற்பனையில் விலை போகாது என்று அஞ்சுகிறார். தனக்காகச் செய்பவருக்கு அந்தத் தளை இல்லை. தன் ஊரில் விழுந்த வாதுமை மரத்திலோ பேரி மரத்திலோ அவர் செய்து பார்க்கலாம், ஒலி குறைந்தால் இழப்பு அவருடையதே. டோரஸும் ரோஸ்வுட்டோடு நின்றுவிடவில்லை: அவருடைய ‘லா லியோனா’ சைப்ரஸ் மரத்தால் ஆனது; அவருக்குப் பதக்கம் வாங்கித் தந்த கிட்டார் மேப்பிள் மரத்தால் ஆனது.